நம்பாதவர்க்குச் சங்கத்தில் இடமுண்டோ?



நம் சங்கத்தை நாடி வரும் ஒருவரிடம் நாம் முதற்கண் கேட்கவேண்டியது யாது? அவர் எதை நம்புகின்றார் என்பதா? எங்ஙனம் வாழக் கருதுகின்றார் என்பதா? ஓய்வுள்ள நாளில் அமர்ந்து ஆராயத்தக்க ஏட்டுக் கேள்வியாகவே இதனை நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். ஆனேக்கலில் ஞாயிறுதோறும் கூடும் நமது சிறு சபையில் அண்மையில் நிகழ்ந்த ஒன்று அக்கேள்வியை நம் வாயிற்படியில் கொணர்ந்து நிறுத்திவிட்டது. மூன்று கூட்டங்களில் அதுபற்றிப் பேசினோம், ஒருவரோடொருவர் மாறுபட்டோம், முடிவில் ஒருவாறு தெளிந்தோம். நம்மைப் போன்ற சிறு சபைகள் பிற ஊர்களிலும் உள்ளமையின், நாம் கண்ட தெளிவையும் அதற்குரிய காரணங்களையும் இங்கு எடுத்துரைக்கின்றோம்.

ஆனேக்கல், பெங்களூருக்குத் தென்கிழக்கே, தமிழ்நாட்டின் எல்லையை அடுத்துள்ள ஊர். பட்டு நெசவுக்கும் தருமராயர் கோயிற் கரகத்திற்கும் பெயர் பெற்றது. இதனைச் சூழ்ந்த பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி ஆகிய இடங்களில் தொழிற்சாலைகள் பெருகியபின், ஓசூர் வழியாகவும் பிற வழிகளாகவும் தமிழ் மக்கள் பலர் பிழைப்பு நாடி வந்து குடியேறினர். சொந்த ஊரில் உறவும் சுற்றமும் சூழ வாழ்ந்தவர்கள் இங்கே வரிசை வீடுகளில் ஓர் அறையில் ஒடுங்கியிருக்கின்றனர். அடுத்த அறையில் இருப்பவர் பேசும் மொழி கன்னடமோ தெலுங்கோ இந்தியோ என்பதே சிலருக்குத் தெரியாது. இத்தகைய இடத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு பாயில் சேர்ந்து அமர்வது எத்துணைப் பெரிய ஆறுதல் என்பதை அனுபவித்தவரே அறிவர்.

அவ்வாறு வந்தமர்ந்தவர்களுள் ஓர் இளைஞரும் இருந்தார். தருமபுரிப் பக்கத்துக் கிராமத்தவர். பொம்மசந்திராவில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் கடைசல் வேலை செய்பவர். ஏறத்தாழ எட்டுத் திங்களாக நம் கூட்டத்திற்கு வந்துகொண்டிருந்தார். முன்னதாக வந்து கூடத்தைப் பெருக்குவார், பாய் விரிப்பார், சிறுவர்க்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். ஆனால் நாம் மும்மணிகளில் சரணம் புகும் வேளையில் அவர் வாய் திறப்பதில்லை; கைகூப்புவதும் இல்லை. பின்வரிசையில் கைகளைக் கட்டியபடி அமைதியாக நிற்பார். அதனைக் கண்டவர் கண்டுகொள்ளாதிருந்தனர்.

ஒருநாள் இரவு அவர் தந்தையார் காலமானார். நோய்க்கு மருத்துவம் பார்க்க மகனிடம் வந்திருந்தவர். வீட்டுக்கு உரியவர் விடிவதற்குள் உடலை எடுத்துவிட வேண்டுமென்று நெருக்கினார். ஊரிலிருந்த பங்காளிகளோ, மூத்தோர் வகுத்த சடங்கைச் செய்யமாட்டேன் என்பவன் வீட்டுச் சாவுக்கு வருவதில்லை என்று தொலைபேசியிலேயே கூறிவிட்டனர். பகுத்தறிவு நண்பர் பலர் அவருக்கு இருந்தனர். அவர்களும் அன்பில்லாதவர் அல்லர். கைப்பேசியில் இரங்கற் சொற்கள் வந்து குவிந்தன. ஆயினும் பாடையின் முனையைப் பிடிக்க நான்கு தோள்கள் வேண்டியிருந்த அந்நேரத்தில் அந்நண்பர்கள் வெவ்வேறு ஊர்களில் இருந்தனர்.

செய்தியறிந்து நம் சபையார் சென்றனர். பெண்மக்கள் இளைஞரின் தாயாருடன் விடியும்வரை அமர்ந்திருந்தனர். விளக்கொன்று ஏற்றிவைக்கலாமா என்று தாயார் கேட்டார். மகன் தடை சொல்லவில்லை. காலையில் உடலை எடுத்துச் சென்றவர்களுள், நம் சபையில் முதன்முதல் தீட்சை பெற்ற பெரியவர் ஒருவரும் இருந்தார். சுடுகாட்டில் அவரே பாலி மொழியில் அநித்தியத்தை நினைவூட்டும் வாசகங்களைச் சொன்னார். இளைஞர் அப்போதும் கைகூப்பவில்லை. பெரியவரின் தோளைப் பற்றிக்கொண்டு நின்றார்.

மூன்று வாரம் கழித்து அவர் கூட்டத்தில் எழுந்து பேசினார். “ஐயா, எனக்குக் கடவுளில் நம்பிக்கையில்லை, மறுபிறப்பிலும் இல்லை. புத்தரை அறிஞரென மதிக்கிறேன். சரணம் என்னும் சொல் என் வாயில் வரவில்லை. பொய் சொல்லி உங்களோடு சேர விரும்பவில்லை. உங்களை விட்டுப் போகவும் மனமில்லை. நான் இங்கே யார் என்பதை நீங்கள்தாம் சொல்லவேண்டும்” என்றார்.

எவரும் உடனே விடை கூறவில்லை. பாடை சுமந்த அப்பெரியவரே முதலில் பேசினார். அதுவும் மறுத்தே பேசினார்.

பெரியவர் கூறியதன் சாரம் இது: “தம்பி, உன்மேல் எனக்குக் குறையில்லை. ஆயினும் இது வாசகசாலையன்று, தன்மசபை. பகவன் காலத்தில் அஜித கேசகம்பலர் என்பவர், சாவுடன் அனைத்தும் முடிகிறது என்று போதித்தார். அதனைப் பகவன் பொய்க்காட்சி என்றே விலக்கினார். பாபாசாகேப் அம்பேத்கர் 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் நமக்களித்த 22 உறுதிமொழிகளுள், புத்த தன்மமே மெய்யான சமயமென்று நம்பும் உறுதியும் ஒன்று. அதைச் சொல்வதற்காக எங்கள் தலைமுறை உறவை இழந்தது. ஊரில் வசை கேட்டது. எதையும் நம்பவேண்டாம், வந்தமர்க என்று நாம் சொல்லத் தொடங்கினால், நாளடைவில் நம் பிள்ளைகளுக்கு நாம் யார் என்பதே மறந்துபோம்.”

இவ்வுரையை எளிதில் தள்ளிவிட இயலாது. விலை கொடுத்துப் பெற்ற பொருளை அதன் விலையறியாதார் கையில் தர எவரும் அஞ்சுவர். நம் முன்னோர் பழைய தெய்வங்களை விட்டகன்றபோது வீட்டிலிருந்த படங்களை மட்டும் விடவில்லை. திருமணத்திற்கு வரும் உறவையும், சாவுக்கு வரும் பங்காளியையும் இழந்தனர். ஆகவே, அச்சத்தை மதித்து, அதன்பின் ஆராயப் புகுந்தோம்.

முதலாவதாக, பகவன் தம்மிடம் வந்தாரை நடத்திய முறையை நோக்கினோம். கேசபுத்த நகரத்துக் காலாமர், பல சமயத்தார் வந்து தத்தம் கொள்கையே மெய்யென்று சொல்லிச் செல்வதால் மயங்கி நின்றனர். பகவன் அவர்களிடம் கேள்வியையோ மரபையோ நூலையோ குருவின் பெருமையையோ மட்டும் சான்றாகக் கொள்ளாமல், பேராசையும் பகையும் மயக்கமும் மனிதனுக்கு நன்மை தருகின்றனவா, தீமை தருகின்றனவா எனத் தாமே ஆய்ந்து காணுமாறு கூறினார். இதனை நம் மேடைகளிற் பலகாலும் கேட்டிருக்கிறோம். அச்சூத்திரத்தின் முடிவை நாம் அத்துணை அடிக்கடி கேட்பதில்லை. பகையற்ற தூய மனமுடையவனுக்கு நான்கு ஆறுதல்கள் உண்டென்று பகவன் அங்கே காட்டுகின்றார். மறுமையும் வினைப்பயனும் உண்டாயின் அவன் நற்கதி அடைவான் என்பது முதலாவது. அவை இல்லையாயினும் இம்மையிலேயே பகையும் துன்பமுமின்றி இன்பமாய் வாழ்வான் என்பது இரண்டாவது. மறுமையை ஐயுற்றுக் கேட்டவர்க்கு, முதலில் ஐயத்தை விட்டு வாருங்கள் என்று பகவன் சொல்லவில்லை. ஐயத்தோடு நிற்பவனும் ஊன்றி நிற்கத்தக்க நிலத்தைக் காட்டினார்.

உதும்பரிகை என்னும் அரசியின் ஆராமத்தில் நிக்குரோதர் என்ற பரிவிராசகரோடு உரையாடியபோதும் இவ்வாறே. தாம் மாணாக்கரைச் சேர்க்கும் பொருட்டு இவற்றைச் சொல்வதாக எண்ணவேண்டாம். உம் ஆசிரியர் உமக்கு ஆசிரியராகவே இருக்கட்டும். உம் விதிகளும் உம்மிடமே இருக்கட்டும். தீயவற்றை நீக்கும் நெறியை மட்டும் பயின்று பாரும் என்ற பொருள்பட உரைத்தார். நாளந்தையின் செல்வரும் நிகண்டரின் அடியாருமான உபாலி தம்மைச் சரணடைய விரைந்தபோது, நன்கு ஆராய்ந்து செய்க என்று தடுத்தார். பின்னரும் நிகண்டர்க்குத் தரும் உணவை நிறுத்தவேண்டாம் என்றார். சரணம் என்பதைப் பகவன் கூடத்தின் நுழைவுச் சீட்டாக வைத்ததில்லை என்பது இவற்றால் விளங்குகின்றது.

அஜித கேசகம்பலரைப் பற்றிய பெரியவர் சொல் மெய்யே. அவர் கொள்கை பொய்க்காட்சியாகவே சூத்திரங்களில் வைக்கப்பட்டுள்ளது. ஆனால் அக்கொள்கையை முழுதும் படித்துப் பார்ப்போமாயின், தானத்திற்குப் பயனில்லை, நல்வினை தீவினைக்கு விளைவில்லை, தாயுமில்லை தந்தையுமில்லை என்பவையும் அதனுள் அடங்கியிருக்கக் காண்கிறோம். உலகில் அறமென ஒன்றே இல்லை என்பதே அதன் நச்சுப்பகுதி. தந்தைக்கு இரவெல்லாம் மருந்தூட்டிய மகன், பிறர் பிள்ளைகளுக்குக் கூலியின்றிக் கணக்குக் கற்பிப்பவன், தாயுமில்லை தானமுமில்லை என்பானோடு ஒருவனாவானா? சாவுக்குப் பின் யாதென்பதில் அவன் நம்மோடு மாறுபடுகிறான். அம்மாறுபாட்டை நாம் மறைக்கவேண்டுவதில்லை. சாவுக்கு முன் எங்ஙனம் வாழ்வது என்பதில் அவன் நம்மோடு ஒன்றியே நிற்கிறான்.

இரண்டாவதாக, நம் தமிழ்ப் பௌத்த இயக்கத்தின் வரலாற்றை நோக்கினோம். பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் கொழும்பு சென்று பஞ்சசீலம் பெற்று வந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். சங்கம் கோலார் தங்கவயலில் வேரூன்றிக் கன்னட நாட்டுத் தமிழ்த் தொழிலாளர்க்குப் புகலாயிற்று. நம் ஆனேக்கல் சபை போன்றவையெல்லாம் அவ்வேரின் பக்கத் தளிர்கள். அதே காலத்தில் சென்னையில் பேராசிரியர் இலட்சுமிநரசு பௌத்தத்தைப் பேசினார். பண்டிதர் தமிழ் நூல்களிலும் பண்டிகைகளின் பழம்பொருளிலும் தோய்ந்தவர்; இலட்சுமிநரசு பௌதிக ஆசிரியர், பகுத்தறிவின் வழியே தன்மத்தை விளக்கியவர். 1907இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூலாகிய ‘பௌத்தத்தின் சாரம்’, ஓர் ஆன்மா உடல்விட்டு உடல் பாய்கிறது என்னும் கருத்தை ஏற்கவில்லை. அந்நூலின் மூன்றாம் பதிப்புக்கு 1948இல் முன்னுரை வழங்கிப் போற்றியவர் பாபாசாகேபே ஆவார். அவர் தாமும் ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்ற நூலில் மறுபிறப்பு என்னும் சொல்லுக்குப் பழைய பொருளைவிட்டுப் புதுப்பொருள் கண்டார். மறுபிறப்பைப் பற்றி நாம் வாயிலில் தேர்வு வைப்போமாயின், நம் ஆசான்மாரே அதில் தேறுவார்களோ என்னும் ஐயம் எழுகின்றதன்றோ?

இலட்சுமிநரசுவோடு சிங்காரவேலரும் இருந்தார். பின்னாளில் 1923இல் சென்னைக் கடற்கரையில் மேதினங் கொண்டாடிய பொதுவுடைமையாளர் அவரே. டார்வினைத் தமிழர்க்கு விளக்கிய அவர் மகாபோதி சங்கக் கூட்டங்களையும் நடத்தி வந்தார். அக்கூட்டங்களைக் கலைக்க எண்ணிச் சென்ற சைவ இளைஞராகிய திரு.வி.க., அங்கே கேட்டவற்றால் ஈர்க்கப்பட்டுச் சிங்காரவேலரிடம் டார்வினின் கொள்கையைப் பயின்ற செய்தி அவர்தம் வாழ்க்கைக் குறிப்புகளால் தெரிகின்றது. கலைக்க வந்தவரையும் இருத்திப் பேசிய மரபு நம்முடையது. 1954 ஜனவரியில் ஈரோட்டில் புத்தர் மாநாடு கூட்டிய பெரியார் ஈ.வெ.ரா., அவ்வாண்டு டிசம்பரில் இரங்கூனில் நடந்த உலக பௌத்தர் மாநாட்டிற்கும் சென்றார். அங்கே பாபாசாகேபைச் சந்தித்தார். அவர் தீட்சை பெறவில்லை. பெறாமைக்குத் தம் காரணத்தை வெளிப்படையாகவே சொன்னார். எனினும் அவரை அயலாராக எண்ணிய தமிழ்ப் பௌத்தர் எத்தனை பேர்?

தமிழ்நாட்டில் நம்பாதவர்கள் தமக்கெனச் சங்கங் கண்டதும் புதிதன்று. 1880களில் சென்னை இலௌகிக சங்கத்தார் ‘தத்துவ விவேசினி’ என்னும் தமிழ்த்தாளை 1882 முதல் 1888 வரை நடத்தினர். அறிவுத்துறையில் அவர்கள் ஆற்றியது பெரும்பணி. ஆயினும் தாளும் சொற்பொழிவும் மனிதனின் எல்லாத் தேவைக்கும் போதா. சுயமரியாதை இயக்கத்தார் இதனை நன்குணர்ந்து, புரோகிதரில்லாத் திருமணத்தைத் தம் தோழர்க்கு அமைத்துக்கொடுத்தனர். 1967இல் தமிழ்நாட்டு அரசு அதனைச் சட்டமாக்கியது. கன்னட நாட்டிலே கவிஞர் குவெம்பு ‘மந்திர மாங்கல்யம்’ என்னும் எளிய திருமண முறையை வகுத்து, 1966இல் தம் மகன் தேஜஸ்விக்கு அம்முறையிலேயே மணம் முடித்தார். ஆனேக்கலுக்கு மிக அண்மையிலுள்ள எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் 1967ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் துணைக்கு வாராது. 1954ஆம் ஆண்டின் தனித் திருமணச் சட்டப்படி பதிவு செய்துகொள்ளலாம். பதிவலுவலகம் கையெழுத்தைப் பெறும், சான்றிதழைத் தரும். வாழ்த்த வருவார் யார்? பிள்ளை பிறந்தால் கஞ்சி காய்ச்சித் தருவார் யார்? இறந்தால் எடுப்பார் யார்? இக்கேள்விகளுக்குச் சட்டத்தில் விடையில்லை.

மூன்றாவதாக, பிற நாட்டார் கண்டவற்றையும் எண்ணினோம். கொள்கையொப்பம் கேளாத சமயக்கூட்டம் ஒன்று நிலைக்குமா என்பதை அவர்கள் நெடுங்காலம் சோதித்திருக்கின்றனர். அச்சோதனையின் ஒரு நூல் நம் சென்னையையும் தொட்டுச் செல்கிறது. திருவேங்கடம் என்னும் தமிழர் ஆங்கிலேயரிடம் ஏவலராயிருந்து, வில்லியம் ராபர்ட்ஸ் என்ற பெயர் பூண்டு, இங்கிலாந்து சென்று யூனிட்டேரியன் கிறித்தவர்தம் நூல்களைக் கற்றார். திரித்துவத்தை ஏலாது, கடவுள் ஒருவரே என்பார் அவர்கள். சென்னைக்கு மீண்டு 1795இல் சிறு சபையொன்றை அமைத்தார். 1813இல் புரசைவாக்கத்தில் அவர்களுக்கு ஒரு கோயிலும் எழுந்தது. அச்சபையார் இறைவனை நம்பியவரே. ஆனால் அவ்வியக்கம் மேல்நாட்டில் எழுதப்பட்ட விசுவாசப் பிரமாணத்திற்கு ஒப்பமிடுமாறு எவரையும் கட்டாயப்படுத்தாமையின், காலப்போக்கில் கடவுளை நம்பாதவரும் அங்கே இடம் பெற்றனர். அமெரிக்காவில் மினியாபொலிசு நகரில் ஜான் டீட்ரிக் என்பார் 1916 முதல் யூனிட்டேரியன் மேடையிலிருந்தே கடவுளைச் சாராத மானிட நெறியைப் போதித்தார். 1933இல் வெளியான மானிட நெறி அறிக்கையில் ஒப்பமிட்ட 34 பேருள் பலர் அச்சபைகளின் போதகர்களே.

இன்னொன்று, 1876இல் நியூயார்க்கில் பீலிக்ஸ் ஆட்லர் தொடங்கிய ஒழுக்கப் பண்பாட்டுச் சங்கம். கடவுளைப் பற்றி எவரும் எதையும் எண்ணிக்கொள்க, செயலில் ஒன்றுபடுவோம் என்பதே அவர் கருத்து. அச்சங்கம் பேசியதோடு நின்றுவிடவில்லை. 1877இலேயே ஏழை நோயாளிகளின் வீடு தேடிச் செல்லும் செவிலியரை அனுப்பியது. மறு ஆண்டில் தொழிலாளர் குழந்தைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தது. இன்றும் அச்சங்கம் இருக்கின்றது. இதற்கு மாறாக, 2013இல் இலண்டனில் ‘ஞாயிறு சபை’ என்ற பெயரால் நம்பாதோர் கூட்டமொன்று பாட்டும் நகைச்சுவையுமாகத் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே பல நாடுகளில் கிளைத்தது. அக்கிளைகளிற் பல பின்னர் நின்றுபோயின. காரணம் பலவாகலாம். நாம் கொண்ட பாடம் இது: மகிழ்ச்சிக்காக மட்டும் கூடுவோர், மகிழ்ச்சி வேறிடத்தில் கிடைத்தால் அங்கே செல்வர். ஒருவரையொருவர் தாங்கப் பழகியோர் எளிதிற் பிரியார்.

இவ்விடத்தில்தான் நமக்கு வழி தென்பட்டது. நம்பிக்கையைக் கேளாத சபை, கடமையைக் கேட்டே ஆகவேண்டும். இரண்டையும் கேளாதது சந்தைக்கூட்டம். நம்பிக்கையை மட்டும் கேட்டுக் கடமையைக் கேளாத சபைகளையும் நாம் பார்த்திருக்கிறோம். அங்கே ஒருவன் உரத்த குரலில் சரணம் சொல்லிவிட்டு, அடுத்த வீட்டில் நோயாளி முனகும் ஓசை கேட்டும் கதவைச் சாத்திக்கொள்ளலாம். எவரும் அவனை விலக்கார்.

விநயத்தில் ஒரு நிகழ்ச்சி வருகின்றது. வயிற்று நோயால் வருந்திய பிக்கு ஒருவர் தம் கழிவிலேயே கிடந்தார். அவர் பிறர்க்குப் பயன்படாதவர் என்று ஏனைய பிக்குகள் கைவிட்டனர். பகவன் ஆனந்தரை நீர் கொணரச் செய்து, தாமே நீர் வார்க்க ஆனந்தர் கழுவ, இருவருமாகத் தூக்கிக் கட்டிலிற் கிடத்தினர். பின்பு சங்கத்தைக் கூட்டி, உங்களைப் பேண இங்கே தாயுமில்லை, தந்தையுமில்லை, நீங்களே ஒருவரையொருவர் பேணாவிடின் வேறு யார் பேணுவர் என்று கேட்டார். அவர்கள் வீட்டைத் துறந்து வந்தவர்கள். நம் முன்னோர் சாதியைத் துறந்து வந்தவர்கள். இவ்விளைஞரோ சடங்கைத் துறந்து வந்தவர். துறந்து வந்தவர்க்குத் தாயும் தந்தையும் சங்கமே. சங்கத்தின் தேவை எங்கிருந்து பிறக்கிறது என்பதை இந்நிகழ்ச்சியினும் தெளிவாகக் காட்டுவது வேறில்லை. நோயுற்ற பிக்குவின் கொள்கை யாதென்று பகவன் அவ்வேளையில் வினவியதாக அங்கே இல்லை.

மணிமேகலையும் இதற்குச் சான்று பகர்கின்றாள். வஞ்சிமாநகரில் பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்ட அவள், காட்சியொன்றே அளவை என்ற பூதவாதியைத் தாய் தந்தையரை அறிவது எவ்வாறென வினவி மடக்கினாள். அவன் கொள்கையை ஏற்றாளில்லை. ஆனால் அமுதசுரபியை ஏந்தி அவள் ஊட்டியபோது பசித்தவன் பூதவாதியா, சைவவாதியா என்று கேட்டாளில்லை. வாதத்தில் தெளிவு, சோற்றில் வேற்றுமையின்மை. இவ்விரண்டும் ஒருத்தியிடமே இருந்தன.

எனினும் ஒரு செய்தியை மறைக்கலாகாது. இத்தகைய இசைவில் இருபுறமும் பொய் நுழைய இடமுண்டு. துணை வேண்டித் தான் நம்பாததை வாயாற் சொல்லுதல் வந்தவன் பக்கத்துப் பொய். வந்தவன் மனம் நோகாதிருக்கத் தன் கொள்கையை மழுப்பி, பௌத்தம் ஒன்றும் போதிக்கவில்லை என்பதுபோல் பேசுதல் சபையின் பக்கத்துப் பொய். நான்காம் சீலம் பொய்யை விலக்குவது. முதல் நாளே ஒரு பொய்யைச் சொல்லவைத்து ஒருவனைச் சீலத்துள் சேர்ப்பது எங்ஙனம்? பெரியவர் அஞ்சியதோ இரண்டாம் பொய்யை. அவர் அச்சம் நியாயமானது. இரண்டையும் விலக்கவேண்டின், நாம் நம் கொள்கையை உரக்கவே சொல்லவேண்டும்; அவர் தம் ஐயத்தையும் உரக்கச் சொல்ல விடவேண்டும்; அதன்பின் ஒரே பாயில் அமரவேண்டும்.

பஞ்சசீலத்தின் அமைப்பே இதற்கு இடந்தருகின்றது. சீலங்கள் எதையும் நம்புமாறு கேட்பனவல்ல. கொல்லாமை, களவாமை, பிறன்மனை நயவாமை, பொய்யாமை, கள்ளுண்ணாமை ஆகிய பயிற்சிகளை நானே மேற்கொள்கிறேன் என்று ஒருவன் தனக்குத் தானே கூறும் உறுதிகள் அவை. கட்டளையிடும் தேவன் அங்கில்லை. சரணம் வேறு, அது நெஞ்சு தானாகச் சாயும்போது சொல்லவேண்டிய சொல். தீட்சையும் 22 உறுதிமொழிகளும் அவற்றை மெய்யாகச் சொல்ல வல்லவர்க்கு உரியன. அவற்றின் விலையைக் குறைக்க எவர்க்கும் உரிமையில்லை. ஆனால் சபையில் இடம் என்பது தீட்சைக்கு முந்தியது. வாயிலும் கருவறையும் ஒன்றாகிவிட்டால் வீட்டில் கூடமே இல்லாது போகும்.

இவ்வண்ணம் ஆராய்ந்து, மூன்றாம் கூட்டத்தில் நாம் கொண்ட முடிவுகள் இவை. சபையில் அமரவும், அதன் கடமைகளிற் பங்கு கொள்ளவும் எவரிடமும் நம்பிக்கையைக் குறித்துக் கேள்வி கேட்பதில்லை. உறுப்பினர் ஒவ்வொருவரும் நோயாளிக்குத் துணையிருக்கும் முறையிலும், சிறுவர் கல்வியிலும், சபைச் செலவிலும் இயன்றவாறு பங்கேற்றல் வேண்டும். இதில் நம்புவோர்க்கும் நம்பாதோர்க்கும் விலக்கில்லை. ஐந்து சீலங்களை மதித்து ஒழுக முயலுதல் யாவர்க்கும் பொது. சரணம் சொல்லாதவரை எவரும் உற்றுநோக்கலாகாது. சொல்லுமாறு நயமாகவும் வற்புறுத்தலாகாது. பிரசங்கத்தின் பின் ஐயங்களை வெளிப்படையாய்க் கேட்கலாம். பிறர் வணங்குவதை எள்ளலாகாது. தீட்சை அளித்தலும் தன்ம போதனை நடத்துதலும் தீட்சை பெற்றவர் பொறுப்பிலேயே இருக்கும்.

இம்முடிவுகளால் எல்லா வினாவும் தீர்ந்ததென்று நாம் சொல்லவில்லை. இவ்விளைஞரைப் போன்றோர் பத்துப் பேர் வந்தால் சபையின் முகம் மாறாதா என்று கேட்டனர் சிலர். மாறலாம். நாம் சொல்வது மெய்யாயின், அதனைக் கேட்டும் நம் வாழ்வைக் கண்டும் அவர்களும் மாறலாம். கலியாணமித்திரர், அஃதாவது நல்ல நண்பர், உயர்வாழ்வின் பாதி என்று ஆனந்தர் சொன்னபோது, பாதியன்று, முழுமையும் அதுவே என்று பகவன் திருத்தினார். தன்மம் நட்பின் வழியே பரவுமென்பதை நம்பாமல், தேர்வுத்தாளின் வழியே காக்கப்படுமென்று நாம் எண்ணினால், ஐயமுடையவர் அவரா, நாமா?

பிற ஊர்களிலுள்ள அன்பர்களை நாம் வேண்டிக்கொள்வது ஒன்று. உங்கள் கூட்டத்தின் பின்வரிசையிலும் கைகட்டி நிற்பவர் ஒருவர் இருப்பார். அவர் பகுத்தறிவாளராயிருக்கலாம்; பழைய கோயிலை விட்டு வேறெங்கும் சேராதவராயிருக்கலாம்; எதை நம்புவதென்று தெரியாமல் திகைப்பவராயிருக்கலாம். அவர் வாய் அசைகிறதா என்று பாராதீர்கள். அவர் வீட்டில் எவரேனும் நோயுற்றிருக்கின்றனரா என்று கேளுங்கள். உங்கள் வீட்டு நோயாளியைப் பார்க்க வருமாறு அவரையும் அழையுங்கள். பெறுவதற்கு மட்டும் இடம் அளிப்பது இரக்கம். தருவதற்கும் இடம் அளிப்பதே சங்கம்.

மூன்றாம் கூட்டத்தின் முடிவில் அனைவரும் பெரியவரையே நோக்கினோம். அவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். “மறுபிறப்பைப் பற்றித் தம்பியோடு எனக்கு வழக்குத் தீரவில்லை, அதை ஞாயிறுதோறும் பேசிக்கொள்வோம். அடுத்த வாரம் எனக்குக் கண்ணில் அறுவை மருத்துவம். இரவில் துணையிருப்போர் முறைத்தாளில் முதல் நாளுக்கு அவன் பெயரை எழுதுங்கள்” என்றார். இளைஞர் எழுந்து சென்று, தம் பெயரைத் தாமே எழுதினார்.